உழுபவரும் பட்டாதாரரும்

விவசாயிக்குச் சர்க்கார் சகாயம் செய்வது இந்த நாட்டில் புதிய காரியம் அல்ல. ஆனால் அந்தச் சகாயம் எந்த உருவத்தில், எந்த வழியாக, யாருடைய கையில் வந்து சேருகிறது என்பது சென்ற பத்தாண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது என்பதையும், அந்த மாறுதலின் முழு விளைவு ஒன்றரை ஏக்கரையும் இரண்டு ஏக்கரையும் வைத்துக்கொண்டு ஜீவனம் நடத்தும் குடும்பங்களுக்கு இன்னும் தெளிவாக விளங்கவில்லை என்பதையும், கிராமங்களின் நிலையை அறிந்த எவரும் மறுக்கமாட்டார்கள். முன்பு மானியம் பொருளின்மேல் இருந்தது. இன்று அது ஆளின்மேலும் வைக்கப்படுகிறது. உர மூட்டையின் விலையைக் குறைத்தும் மின்சாரத்தை இலவசமாக்கியும் உதவிய காலத்தில், வாங்குகிறவர் யார், அவர் உழும் நிலம் யாருடைய பேரில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் எழவில்லை. வங்கிக் கணக்கில் பணமாகவும், பெயர் குறித்த அனுமதியாகவும் உதவி வரத் தொடங்கியதும் அந்த விசாரணையே முதற்படி ஆகிவிட்டது. அந்த விசாரணைக்கு விடை சொல்லும் அதிகாரம் வருவாய்த்துறையின் பதிவேட்டுக்கே இருப்பதால், பதிவேடு பிழையாக இருக்கும் வரையில் மானியமும் பிழையாகவே போய்ச் சேரும். மானியத்தைச் சீர்திருத்த விரும்புகிறவர்கள் பட்டாவைச் சீர்திருத்துவதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பழைய முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் இலவச மின்சாரம் வந்தது. அதற்கு முந்திய இருபதாண்டுகளில் நாராயணசாமி நாயுடு போன்றோர் தலைமையில் கோவைப் பகுதி விவசாயிகள் மின்கட்டணத்தை எதிர்த்து நடத்திய போராட்டங்களும், அவற்றில் மாண்ட உயிர்களும், அந்த உரிமையின் பின்னால் நிற்கின்றன. அந்த உரிமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. எனினும் கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கே அந்தச் சகாயம் கிடைத்தது என்பதும், கிணறு வெட்ட வகையில்லாமல் வானத்தை நம்பி விதைக்கும் இராமநாதபுரத்து மானாவாரிக் குடியானவருக்கு அதனால் ஒரு காசும் மிச்சமாகவில்லை என்பதும் உண்மையே. உர மானியமும் அத்தகையதே. 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 266 ரூபாய்க்கு விற்கிறதென்றால், உற்பத்திச் செலவுக்கும் அந்த விலைக்கும் உள்ள பெரும் வித்தியாசத்தைக் கம்பெனிக்கு மத்திய சர்க்கார் ஈடு செய்கிறது. அதிக உரம் வாங்க முடிந்தவர் அதிக மானியத்தை அனுபவிக்கிறார். ஆட்டுக்கிடையும் தொழுவுரமும் போட்டுச் சிக்கனமாகப் பயிர் செய்பவர் அந்தச் சிக்கனத்துக்காகவே குறைந்த பங்கு பெறுகிறார். பொருளைச் சார்ந்த மானியம் வசதியுள்ளவர் பக்கம் சாய்வது இயல்பு. ஆதலால் ஆளைப் பார்த்து உதவி செய்யும் முறைக்கு நாம் மாறியது கொள்கையளவில் நியாயமே.

அந்த மாறுதலின் பிரதான அடையாளம் 2019-ல் வந்த பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் இரண்டாயிரம் இரண்டாயிரமாக, நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ள குடும்பங்களுக்கென்று தொடங்கிய அந்தத் திட்டம், அதே ஆண்டில் பரப்பளவு வரம்பின்றி நிலமுடைய விவசாயக் குடும்பங்கள் அனைத்துக்கும் விரிக்கப்பட்டது; வருமான வரி செலுத்துகிறவர்கள், கடைநிலை ஊழியர்கள் நீங்கலான அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர், மருத்துவர், வழக்கறிஞர் முதலிய தொழில் செய்வோர் ஆகியோர் விலக்கப்பட்டார்கள். இதன் அடுத்த கட்டமாக, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,817 கோடி ரூபாய் மதிப்பில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி ஒவ்வொரு விவசாயிக்கும் அவருடைய நில விவரங்களோடும் ஆதாரோடும் இணைந்த ஒரு தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. தமிழகத்துக் கிராமங்களிலும் 2025-ன் தொடக்கத்தில் இதற்கான முகாம்கள் நடந்தன. இனி வரும் திட்டங்களின் வாசல் இந்த எண்ணே என்பது வெளிப்படை. எண் இருப்பவருக்குத் திரும்பத் திரும்ப அதே காகிதங்களைச் சுமக்கும் அலைச்சல் குறையும். எண் இல்லாதவரோ சர்க்காரின் கண்ணுக்கு விவசாயியாகவே தோன்றமாட்டார்.

இப்படித் தோன்றாமல் போகக்கூடியவர் யார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். 2015-16-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு; அகில இந்திய சராசரியோ 1.08 ஹெக்டேர். இரண்டரை ஏக்கருக்கு உட்பட்டவரைக் குறு விவசாயி என்றும், ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவரைச் சிறு விவசாயி என்றும் வகுத்தால், நம் மாநிலத்துக் கைப்பற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இந்த இரு வகையிலும் அடங்கிவிடும். ஆகவே சிறு விவசாயியின் பிரச்னை என்பது விவசாயிகளுள் ஒரு சிறுபான்மையின் பிரச்னை அன்று. அதுவே தமிழ்நாட்டு விவசாயத்தின் பிரச்னை.

நிலம் இவ்வளவு சிறுத்ததற்குக் காரணம் தலைமுறைதோறும் நடந்த பங்கீடு. ஆனால் வயலில் நடந்த பங்கீடு பதிவேட்டில் நடக்கவில்லை. தாத்தா காலமாகி முப்பது வருஷம் ஆன பின்னும் பட்டா அவர் பேரிலேயே இருக்கிறது. பிள்ளைகள் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் அந்த வரப்புக்குள்ளே மேலும் ஒரு வரப்புப் போட்டு உழுகிறார்கள். காகிதத்திலோ அவர்கள் யாருமே இல்லை. 1979-ல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தின்போது அநேக இடங்களில் பல பங்குதாரர்களின் பெயரை ஒரே எண்ணில் சேர்த்துக் கூட்டுப் பட்டா கொடுத்தார்கள்; உட்பிரிவு செய்து தனிப்பட்டா ஆக்கும் வேலை பங்காளிகளின் மனஸ்தாபத்தாலும் சர்வேயர் வராததாலும் நின்றுபோயிற்று. இத்தகைய நிலத்தில் பாடுபடுகிறவர், தம் பங்கு எவ்வளவு என்பதைப் பதிவேட்டைக் கொண்டு நிரூபிக்க முடியாமல், சொட்டுநீர்க் குழாய்க்கும், பயிர்க்கடனுக்கும், உதவித்தொகைக்கும் ஒவ்வொரு முறையும் பங்காளிகளின் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கிறார்.

இப்படிப் பட்டாவில் தம் பங்கு காணாத வாரிசுகள் முதல் வகுப்பார் என்றால், இரண்டாவது வகுப்பார் பெண்கள். ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போய்விட்ட எத்தனையோ ஊர்களில் நாற்றுவிடுவது முதல் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சேர்ப்பது வரை பெண்களே செய்கிறார்கள். ஆயினும் நாடு முழுவதிலும் பெண்கள் நடத்துவதாகக் கணக்கில் ஏறிய கைப்பற்றுகள் நூற்றுக்குப் பதினான்கு அளவே. 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுமைக்கும், இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த சட்டத் திருத்தங்கள் வந்தும், பட்டாவில் மகளின் பெயரையோ விதவையின் பெயரையோ ஏற்றும் வழக்கம் வேரூன்றவில்லை.

மூன்றாவது வகுப்பார் குத்தகைதாரர். இவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியே எல்லாவற்றிலும் பெரியது. காவிரிப் பாசனப் பகுதியில், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களில், கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வெளியூரில் குடியேறிவிட்ட மிராசுதாரர்களின் நிலத்தையும் வாரத்துக்கும் குத்தகைக்கும் எடுத்துப் பயிர் செய்கிறவர்கள் ஏராளம். கிசான் சம்மான் நிதியில் அவர்களுக்கு இடமே இல்லை. நிலம் யாருடைய பேரில் இருக்கிறதோ அவருக்கே பணம். விதை வாங்கிக் கடன்பட்டு, வெள்ளத்தில் பயிர் அழுகினால் நஷ்டத்தையும் தாங்கிக்கொள்கிறவர் ஒருவர். விவசாயிக்கான உதவித்தொகையைப் பெறுகிறவர் பட்டணத்தில் இருக்கும் மற்றொருவர். இந்த ஏற்பாட்டை எந்த நியாயத்தாலும் ஆதரிக்க இயலாது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லும், நியாயக் குத்தகைச் சட்டம் 1956-லும், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் 1969-லும் இந்த மாநிலத்தில் இயற்றப்பட்டன. உழைப்பவரைக் காப்பாற்றும் உயர்ந்த நோக்கம் கொண்டவை அவை. ஆனால் ஒருமுறை குத்தகைதாரர் என்று எழுத்தில் பதிந்துவிட்டால் அவரை நிலத்தைவிட்டு எழுப்புவது கடினம் என்ற அச்சம் உடையவர்களுக்கு உண்டாகி, அந்த அச்சத்தின் பயனாக வாய்மொழிக் குத்தகையே வழக்கமாகிவிட்டது. எழுத்தில் இல்லாதவரைச் சட்டம் காக்க முடியாதது போலவே மானியமும் அவரைத் தேடி வர முடியவில்லை.

பிற மாநிலங்கள் இந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றிருக்கின்றன. ஒடிசா 2018-ன் இறுதியில் அறிவித்த காலியா திட்டத்தில் பங்குச் சாகுபடியாளரையும் நிலமற்ற தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரம் 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, நிலத்தின் உடைமைக்குப் பாதகம் வராதபடி, 11 மாத காலத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடி அட்டை கொடுக்க ஏற்பாடு செய்தது. உடைமை வேறு, சாகுபடி வேறு என்று பிரித்துப் பார்த்தது அதன் விவேகம். உடையவர் கையெழுத்திட்டால்தான் அட்டை என்று வைத்தது அதன் பலவீனம். அந்தக் கையெழுத்தைப் போட மனமில்லாத உடையவரிடம் ஏழைக் குத்தகைதாரர் எதைச் சொல்லி வாதிட முடியும்? தமிழகம் அந்த விவேகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பலவீனத்தைத் தவிர்க்க வேண்டும். பருவந்தோறும் வயலைப் பார்த்து அடங்கலில் பயிரை எழுதுகிற கிராம நிர்வாக அலுவலர், பயிர் செய்பவர் பெயரையும் அங்கேயே எழுதி, அது அந்தப் பருவத்து உதவிகளுக்கு மட்டுமே அத்தாட்சி என்றும், உடைமை வழக்குக்கு ஆதாரமாகாது என்றும் சட்டத்தில் தெளிவாக விதித்துவிட்டால், உடையவரின் அச்சமும் நீங்கும். உழுபவரின் பசியும் தணியும்.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் முறைகேடு பெருகும் என்று சிலர் சொல்லக்கூடும். 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் முதலிய ஜில்லாக்களில் தகுதியற்ற பல லட்சம் பேர் கிசான் நிதியில் சேர்க்கப்பட்டு, நூறு கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை தவறான கணக்குகளுக்குப் போனது வெளிவந்தபோது, அந்த எச்சரிக்கைக்கு வலு சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சம்பவத்தை ஊன்றிக் கவனித்தால், பதிவு செய்யும் இரகசியச் சொல் இடைத்தரகர்களின் கைக்குப் போனதே அதன் மூலகாரணம் என்பது புலனாகும். குற்றம் அலுவலகத்தின் உள்ளே நடந்தது. அதன் தண்டனையாக வந்த கெடுபிடிகளோ வாசலில் நிற்கும் நேர்மையான விவசாயியின் தலையில் விழுந்தன. கைரேகை தேய்ந்துபோன முதியவரும், ஆதாரில் ஒரு விதமாகவும் பட்டாவில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டவரும், தவணை ஏன் நின்றது என்றே தெரியாமல் வங்கிக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் நடக்கிறார்கள். மோசடியைத் தடுப்பது சர்க்காரின் கடமை. அந்தத் தடுப்பின் செலவை ஏழையின் நாட்கூலியிலிருந்து வசூலிப்பது தர்மமாகாது.

சர்க்கார் செய்யவேண்டியவை ஒருபுறமிருக்க, இன்றுள்ள விதிகளின்கீழ் சிறு விவசாயி தமக்குரியதைப் பெறுவதற்கு என்ன செய்யலாம் என்பதையும் வரிசையாகச் சொல்லுவது பிரயோஜனமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் முதலாவது பட்டா. முன்னோர் பேரில் பட்டா இருந்தால், இறப்புச் சான்றும் தாசில்தாரின் வாரிசுச் சான்றும் கொண்டு இ-சேவை மையத்தின் வழியாகப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பங்கு பிரிந்திருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து உட்பிரிவுக்கு மனுச் செய்ய வேண்டும். சிட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம் ஆதலால், தம் நிலம் எந்தப் புல எண்ணில், எவ்வளவு விஸ்தீரணத்தில், யாருடைய பேரில் இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் இன்றே ஒருமுறை சரிபார்ப்பது உத்தமம். ஆண்டுதோறும் கோடையில் தாலுகா அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தி, பட்டாப் பிழைகளைத் திருத்த நல்ல சந்தர்ப்பம்; அங்கே கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுவது மிக முக்கியம்.

இரண்டாவது, ஆதாரிலும் பட்டாவிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி செய்து, வங்கிக் கணக்கையும் கைபேசி எண்ணையும் ஆதாரோடு இணைப்பது. மூன்றாவது, கிராமத்தில் முகாம் நடக்கும்போதோ பொதுச் சேவை மையத்திலோ விவசாயி அடையாள எண்ணுக்குப் பதிவு செய்வது. நிலம் இரண்டு மூன்று கிராமங்களில் சிதறிக் கிடந்தால் எல்லாப் புல எண்களையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். நான்காவது, ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்கள் சிறு குறு விவசாயி சான்றைத் தாலுகாவிலிருந்து இ-சேவை வழியாகப் பெறுவது. இந்தச் சான்றின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பிறருக்கு 75 சதவீதம் மானியம் என்றால், தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிக்கு நிர்ணயித்த செலவளவுக்குள் 100 சதவீதம். பண்ணை இயந்திரங்களுக்குப் பிறருக்கு 40 சதவீதம் என்றால், சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதம். ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு விவசாயிகளுக்கு மாநில சர்க்கார் இதற்கு மேலும் 20 சதவீதம் கூட்டித் தருகிறது.

இந்த நான்கும் கைவசம் இருந்தால் மற்றவை எளிது. 2018-ல் வந்த உழவன் செயலியில் மானியத் திட்டங்களைப் பார்த்து முன்பதிவு செய்யலாம். கைபேசி பழக்கமில்லாதவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, காய்கறி, பழப் பயிர்களுக்குத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ, இயந்திரங்களுக்கு வேளாண் பொறியியல் துறைக்கோ நேரில் போகலாம். முழு விலையையும் முதலில் கட்டிவிட்டுப் பிறகு மானியம் பெறும் ஏற்பாடுள்ள திட்டமானால், அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் கடன் வாங்கிப் பொருளை வாங்கிவிடக் கூடாது. பயிர்க் காப்பீட்டில், நெல் முதலிய உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் காரிஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும், ராபி பருவத்தில் 1.5 சதவீதமும், வருடாந்தர வாணிகப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் அதிகபட்சம் 5 சதவீதமும் மட்டுமே விவசாயி கட்டுகிறார். மிச்சப் பிரிமியத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் ஏற்கின்றன. குத்தகைதாரரும் இதில் சேரலாம் என்பதைப் பலர் அறியவில்லை. பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் 2020 முதல் காப்பீடு கட்டாயம் இல்லை ஆகையால், வங்கி தானே கட்டியிருக்கும் என்று இருந்துவிடாமல் கடைசித் தேதிக்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். கிசான் கடன் அட்டையில் ஈடின்றிப் பெறும் கடனின் உச்சவரம்பு 2025 ஜனவரி முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்ந்திருக்கிறது என்பதும், குறுகிய காலப் பயிர்க்கடனை 3 லட்சம் வரையில் தவணை தவறாமல் கட்டுகிறவருக்கு வட்டி 4 சதவீதமே என்பதும், கந்துவட்டிக்காரரிடம் போகும் முன் நினைக்கத்தக்கவை. சந்தேகங்களுக்குக் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைக் கலெக்டர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுத்துமூலம் வைக்கலாம்.

இவ்வளவையும் ஒரு சிறு விவசாயி தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே ஒரு கொடுமை என்பதை நான் அறிவேன். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நாள் வேலை கெடுகிறது. நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் தாலுகா அலுவலகத்து வரிசையில் நிற்க எந்தக் குடியானவருக்கும் முடியாது. ஆகையால் சர்க்காரிடம் என் விண்ணப்பம் இது. எந்தப் புதிய திட்டத்துக்கும் அடையாள எண்ணைக் கட்டாயமாக்கும் முன், ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் சர்வேயரும் துணை வட்டாட்சியரும் ஒருங்கே வந்து தங்கி, இறந்தவர் பேரில் உள்ள பட்டாக்களைக் கட்டணமின்றி வாரிசுகள் பேருக்கு, மகள்களையும் மனைவியையும் விடாமல், மாற்றிக் கொடுக்கட்டும். குத்தகைதாரரின் பெயர் பருவ அடங்கலில் ஏறட்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதன் காரணம் தமிழில், எழுத்தில், குறித்த நாட்களுக்குள் விவசாயியின் கைக்கு வரட்டும். உதவி விதைப்புக்கு முன் வரட்டும். அறுவடைக்குப் பிறகு வரும் விதை மானியத்தால் யாருக்கும் உபயோகமில்லை.

ஊரில் படித்த இளைஞர்களுக்கும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும், கிராம சபையில் எழுந்து பேசும் தைரியமுள்ள பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் பத்துக் குடும்பங்களின் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். பதிவேட்டில் பெயர் ஏறாத உழைப்பாளிக்கு எந்தச் சர்க்காரும் எந்தக் காலத்திலும் தானாக வந்து உதவியதில்லை; அந்தப் பெயரை ஏற்றவைப்பது நம் எல்லோருடைய பொறுப்பு.